பையில் ஒரு பட்டறை

காலையில் சிலர் யோகாசனம் செய்கிறார்கள். சிலர் வாசல் தெளிக்கிற நேரத்திலேயே எழுந்து கை வீசி நடக்கிறார்கள். நான் பத்திரிகை படித்து முணுமுணுக்கிறேன். முதல் பக்கத்தில் அரசியல், ஐந்தாம் பக்கத்தில் திருட்டு. இந்த இரண்டையும் படித்து முடிப்பதற்குள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ரத்தம் நன்றாக ஓடிவிடுகிறது. வேறு தேகப் பயிற்சி எனக்குத் தேவைப்படுவதில்லை.

"குக்கர் சத்தமும் உங்கள் சத்தமும் ஒரே நேரத்தில் வருகிறது. எத்தனை விசில் என்று எண்ண முடியவில்லை. சாதம் குழைந்தால் என்னைக் கேட்காதீர்கள்" என்பாள் என் மனைவி.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அதுவும் அவளுக்குப் பிடிக்காது. என் பையில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும்.

கத்தி என்றதும் நீங்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டாம். சுண்டுவிரல் நீளம், சிவப்புக் கைப்பிடி, அவ்வளவுதான். விரித்தால் ஒன்றன் பின் ஒன்றாக வரும்: பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறக்கிற கொக்கி, ஸ்க்ரூடிரைவர், ஒரு கத்தரிக்கோல், ஒரு ரம்பம், சீசாத் தக்கையைத் திருகி இழுக்கிற கம்பி. கைப்பிடியின் ஓரத்தில் பல்குத்தி ஒன்று, முள்வாங்கி ஒன்று, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு குண்டூசி. தக்கை இழுக்கிற கம்பிக்கு நம் வீட்டில் வேலை கிடையாது. அதைக் கொண்டு நான் வேஷ்டி மூட்டையின் முடிச்சை அவிழ்க்கிறேன்.

இந்தக் கத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்துவதில்லை என்று வீட்டில் ஒரு புகார் இருக்கிறது. நீங்கள் எழுந்து போக முடியாது, பாருங்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

ஸ்விட்சர்லாந்தில் இபாக் என்று ஒரு கிராமம். அங்கே கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ம் வருஷத்தில் ஒரு கத்திப் பட்டறை வைத்தார். அந்தச் சமயம் ஸ்விஸ் ராணுவத்தில் ஒரு புதுத் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சிப்பாய்க்குச் சாப்பாடு டின்னில் வந்தது. அதைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இரண்டும் ஒரே கத்தியில் இருந்தால் நல்லது என்று ராணுவம் தீர்மானித்தது. எல்லாம் சரி, கத்திகளை எங்கிருந்து வாங்கினார்கள் தெரியுமா? ஜெர்மனியில் ஸோலிங்கன் நகரத்திலிருந்து! நம் ஊர்ச் சிப்பாய் கையில் அயலூர்க் கத்தியா என்று எல்ஸனருக்குப் பொறுக்கவில்லை. சக தொழிலாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1891-ல் தாமே ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். ஜெர்மானியர்களின் விலைக்குக் கட்டுப்படியாகாமல் கடனில் விழுந்து திணறினார். ஆனாலும் விடவில்லை. 1897-ல் இன்னும் இலேசான, இன்னும் அழகான ஒரு கத்தியைப் பதிவு செய்தார். அதற்கு 'அதிகாரிகள் கத்தி' என்று பெயர். தக்கை இழுக்கிற கம்பி அதில்தான் முதலில் வந்தது. சிப்பாய்க்குத் துப்பாக்கியும் டின்னும், அதிகாரிக்குச் சீசா! எந்தத் தேசமானால் என்ன?

1909-ல் அவருடைய தாயார் விக்டோரியா காலமானார். அம்மாவின் பெயரையே பட்டறைக்கு வைத்தார் எல்ஸனர். பின்னால் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லையும் ஒட்டிக்கொண்டு, 1921 முதல் 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. 1995-ல் ரஷ்யர்களின் மீர் விண்வெளி நிலையத்தின் கதவைத் திறக்க வேண்டியிருந்தபோது, கனடாவின் விண்வெளி வீரர் கிரிஸ் ஹாட்ஃபீல்ட் அந்தக் கதவின் கட்டுக்களை இந்த மாதிரிக் கத்தியால்தான் அறுத்தார். கோடிக்கணக்கில் செலவு செய்து மேலே போனாலும், கடைசியில் யாராவது ஒருத்தர் பையில் கத்தி வைத்திருக்க வேண்டியிருக்கிறது!

நம்மவர்கள் இதில் இளைத்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஓலையில் எழுதின காலத்து எழுத்தாணிகளைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தமது சுயசரிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்று மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையைச் சீவுகிற கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். எல்ஸனருக்கு நம் புலவர்கள் முன்னோடிகள் என்று நான் சொன்னால் என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை. "அவர்கள் அதைக் கொண்டு ஏதாவது எழுதினார்கள்" என்கிறாள்.

இதில் எனக்குள்ள வாதம் வேறு. இந்தக் கருவிகளையெல்லாம் யார் செய்தார்கள்? முணுமுணுத்தவர்கள்! எல்ஸனர் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் டிம் லெதர்மன் என்று ஒருவர். 1975-ல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றப் போனார். கார் அடிக்கடி நின்றது. தங்குகிற ஓட்டல்களில் குழாய் ஒழுகியது. பையில் கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பி, குறட்டையே மடக்கிக் கைப்பிடிக்குள் வைக்க முடியுமா என்று உட்கார்ந்தார். முதல் சாமான் 1983-ல்தான் விற்பனைக்கு வந்தது. எட்டு வருஷம்! அந்த அம்மாள் எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ?

"அவர் எட்டு வருஷம் முணுமுணுத்து ஒரு குறடு செய்தார். நீங்கள் நாற்பது வருஷமாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள் இவள்.

நான் பத்திரிகையைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

முகத்தை மறைத்த இடத்தில் அரசியல் செய்தி இருந்தது. இனி அதைப் பற்றி.

நம் நாட்டிலும் முணுமுணுத்து ஒரு கருவி செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர். தேர்தலில் நிற்கிறவர் மேல் என்னென்ன வழக்கு இருக்கிறது, என்ன சொத்து இருக்கிறது என்று ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டு, 1999-ல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2002-ல் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பிறகு, வேட்பாளர் ஒவ்வொருவரும் பிரமாணப் பத்திரத்தில் தம் வழக்குகளைத் தாமே எழுதிக் கையெழுத்திட வேண்டியதாயிற்று. எவ்வளவு அருமையான கருவி, பாருங்கள்! மூடின டின்னைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டார்கள்.

உள்ளே என்ன இருந்தது? அந்தப் பேராசிரியர்களின் சங்கமே பிரமாணப் பத்திரங்களைக் கூட்டிப் பார்த்துக் கணக்கு வெளியிடுகிறது. 2009-ல் லோக் சபைக்கு ஜெயித்தவர்களில் தங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருப்பதாக எழுதிக் கொடுத்தவர்கள் 100-க்கு 30 பேர். 2014-ல் 34. 2019-ல் 43. 2024-ல் 46, அதாவது 543 பேரில் 251 பேர். வழக்கு வேறு, தீர்ப்பு வேறு என்பது எனக்குத் தெரியும். மறியல் செய்தவர்மேலும் வழக்கு உண்டு. எதிரி ஜோடித்த வழக்கும் உண்டு. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு ஏறுகிறதே தவிர இறங்கக் காணோம். டின்னைத் திறந்து காட்டுகிறார்கள். நாம் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, பரிமாறுங்கள்" என்கிறோம். இதற்கு நான் முணுமுணுக்காமல் வேறு எதற்கு முணுமுணுப்பது?

இந்த இடத்தில் எங்கள் பேட்டையில் பூங்கா திறந்த வைபவத்தைச் சொல்ல வேண்டும்.

பூங்கா என்றால் நாலு சிமெண்டு பெஞ்சு, ஒரு சறுக்கு மரம், பிழைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பத்துச் செடிகள். திறந்து வைக்க ஒரு பிரமுகர் வருகிறார் என்று பந்தல் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் எல்லோருடைய பையையும் தடவிப் பார்த்தார். என் பையில் கை பட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன பெரியவரே, கத்தி?"

நான் சட்டம் சொன்னேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகளில், ஒன்பது அங்குலத்துக்குமேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள அலகுதான் ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆனவை அப்படியிருந்தாலும் சேர்த்தியில்லை. என்னுடையது இரண்டரை அங்குலம். இதில் பல்குத்தி இருக்கிறது, முள்வாங்கி இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரித்தும் காட்டினேன்.

"சட்டமெல்லாம் சரிதான், ஐயா. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போங்கள்" என்று அதைத் தம் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். மரியாதையான மனிதர். அவர் கடமையை அவர் செய்தார்.

பிரமுகர் வந்தார். நாகசுரம் வாசித்தார்கள். பூங்காவின் வாசலில் கட்டின பட்டு நாடாவுக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். தட்டு வந்தது. தட்டில் சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது, ஒரு முழம் மல்லிகைப் பூ இருந்தது. கத்தரிக்கோல் மட்டும் இல்லை! புதிதாக வாங்கி, பளபளவென்று வைத்திருந்ததாம். ஐந்து நிமிஷத்துக்கு முன்புகூடப் பார்த்தார்களாம். அத்தனை பந்தோபஸ்துக்கு நடுவில் யாரோ அதை அபேஸ் செய்துவிட்டார்கள்.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒரு தொண்டர் நாடாவைப் பல்லால் கடித்துவிடலாமா என்று யோசனை சொன்னார். புகைப்படக்காரர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து என் தோளை யாரோ தொட்டார்கள். நம் போலீஸ்காரர்தான்.

"பெரியவரே, அதில் கத்தரிக்கோல் இருக்கிறது என்று சொன்னீர்களே, எதை இழுக்க வேண்டும்?"

இழுத்துக் கொடுத்தேன். என் கத்தரிக்கோலின் அலகு முக்கால் அங்குலம். நாடாவோ மூன்று அங்குல அகலம். பிரமுகர் கிள்ளிக் கிள்ளி வெட்டினார். ஏழாவது தடவை வெட்டியதும் நாடா விழுந்தது, கைதட்டினார்கள். பிறகு அவர் பேசினார். இந்தப் பேட்டையில் திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்யப் போவதாக வாக்களித்தார்.

நான் பேச்சைக் கேட்கவில்லை. என் கண் கத்தியின்மேல் இருந்தது. பிரமுகர் அதைத் தம் உதவியாளரிடம் கொடுத்தார். உதவியாளர் அதை மடக்கினார். மிகவும் ஞாபகமாகத் தம் பையில் போட்டுக்கொண்டார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், "ஐயா, அது என்னுடையது" என்றேன்.

"அப்படியா? ஐயாவுக்கு ஞாபகார்த்தமாகக் கொடுத்தது என்று நினைத்தேன்" என்றார். கையில் கொடுப்பதற்குமுன் ஒரு தடவை அதை ஏக்கத்தோடு பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காக அவரை மன்னித்துவிட்டேன். கத்தியின் அருமை தெரிந்தவர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, "இத்தனை சாமானையும் சுமந்துகொண்டு போய்ப் போலீஸிடம் கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். என்னிடம் ஒரே ஒரு சாமான்தான். யாரும் பறிப்பதில்லை" என்று தாலிச் சங்கிலியிலிருந்து ஊக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

ஊக்கைச் செய்தவரும் ஒரு முணுமுணுப்புக்காரர்தான் என்று நான் சொன்னேன். வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர். 15 டாலர் கடன் இருந்தது. அந்தக் கவலையில் கையிலிருந்த கம்பியை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஊக்கு வந்தது. 1849-ல் பதிவு செய்து, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுக் கடனை அடைத்தார். அதன்பின் உலகம் முழுவதும் எத்தனை கோடி ஊக்கு விற்றதோ, அதில் அவருக்குச் சல்லிக் காசு கிடையாது.

"பாவம், அவர் மனைவி" என்றாள்.

இனி ஐந்தாம் பக்கம். முன்பெல்லாம் திருட்டுச் செய்தியைப் படித்தால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்போது எதை இழுத்துப் பார்ப்பது? 1953 முதல் மத்திய சர்க்கார் குற்றக் கணக்குப் புஸ்தகம் வெளியிட்டு வருகிறது. அதில், கம்ப்யூட்டரும் டெலிபோனும் கொண்டு செய்கிற குற்றங்கள் என்று பதிவானவை 2022-ல் 65,893. 2023-ல் 86,420. 2023-ம் வருஷத்துப் புஸ்தகம் 2025-ல்தான் கைக்கு வந்தது! திருடன் கணத்தில் காரியத்தை முடிக்கிறான். அதை எண்ணி முடிக்க நமக்கு இரண்டு வருஷம் ஆகிறது.

எங்கள் மாடியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். எழுபது வயது. காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வந்து விழுந்தால் ஆறே கால் மணிக்கு அது வாசலில் இருக்காது. ஒருநாள் பத்து மணிக்கு மாடிக்குத் துணி உலர்த்தப் போன என் மனைவி, பால் பாக்கெட் அப்படியே கிடப்பதைப் பார்த்தாள். கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, "நன்றாகத்தான் இருக்கிறேன். அப்புறம் வாருங்கள்" என்று குரல் மட்டும் வந்தது.

"அது டீச்சர் குரல் மாதிரியே இல்லை. நீங்கள் வாருங்கள்" என்று கீழே வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

வராந்தாப் பக்கத்து ஜன்னலில் திரை கொஞ்சம் விலகியிருந்தது. டீச்சர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜையில் அரிசி டப்பாமேல் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தது. அதில் உடுப்புப் போட்ட ஓர் ஆள் தெரிந்தான். டீச்சர் கையைக் கூட அசைக்கவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பத்திரிகை படிக்கிறவனுக்கு இந்த ஒரு லாபம் உண்டு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்களே, அதுதான். உன் பெயரில் போதை மருந்துப் பார்சல் வந்திருக்கிறது, உன் பாங்குக் கணக்கில் கள்ளப் பணம் இருக்கிறது, போனைவிட்டு நகர்ந்தால் ஜெயில் என்று மிரட்டிப் பணத்தைக் கறக்கிற வித்தை. அப்படிக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். ஆனால் உடுப்புப் போட்டவன் அதட்டினால், முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை அதட்டினவருக்குக்கூடக் குரல் அடங்கிவிடுகிறது!

கதவு உள்பக்கம் தாழ். ஜன்னலில் கொசுவலைச் சட்டம். கை நுழைந்தால் தாழ்ப்பாள் எட்டும். சட்டத்துக்கு நாலே ஸ்க்ரூ. கத்தியை எடுத்தேன். ஒரு ஸ்க்ரூ பெயிண்ட் அடைத்துத் தகராறு செய்தது. குண்டூசியால் அதன் தலையைச் சுரண்டிவிட்டுத் திருகினேன். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம் ஆகியிருக்கலாம். எனக்கு நாலு மணி மாதிரி இருந்தது.

உள்ளே போனதும் போனில் இருந்தவன், "யார் அங்கே?" என்று இந்தியில் கத்தினான். நான் போனை எடுக்கக் கை நீட்டினேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்றிருந்தது. "வேண்டாம், சார். அணைத்தால் வண்டியை அனுப்புவார்களாம். வாசலில் எல்லோரும் பார்க்க விலங்கு போடுவார்களாம்" என்று அழுதார்.

அணைத்தால் அவன் மறுபடி கூப்பிடுவான். டீச்சர் மறுபடி எடுப்பார். சிம் கார்டை வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது. அந்த வீட்டில் வேறு இணையத் தொடர்பும் கிடையாது. சிம் இருக்கிற தட்டு வெளியே வர வேண்டுமானால் ஊசித் துளையில் குத்த வேண்டும். நான் குண்டூசியைத் தேடினேன். ஜன்னல் விளிம்பில் வைத்தது எங்கே விழுந்ததோ!

"நகருங்கள்" என்றாள் என் மனைவி. தாலிச் சங்கிலியிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். போனைத் திருப்பினாள். ஒரே குத்து. தட்டு நாக்கை நீட்டுவது போல வெளியே வந்தது. உடுப்புக்காரன் வாயைத் திறந்தபடியே உறைந்து போனான். அப்புறம் அவனும் இல்லை.

1930 என்ற எண்ணுக்கு என் போனிலிருந்து புகார் சொன்னோம். சைபர் மோசடிக்கென்றே உள்ள எண் அது. நீங்களும் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் முதல் மிரட்டலிலேயே நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். பென்ஷனிலிருந்து சேர்த்து வைத்த பெரிய தொகையை பாங்கு திறந்ததும் அனுப்புவதாக இருந்தார். பெரிய தொகை பிழைத்தது. நாற்பதாயிரத்தில் ஒரு பகுதி வழியில் ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். மீதி போனது போனதுதான். யார் எடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து பேசினான், ஒன்றும் தெரியாது. பத்திரிகையில் வரவும் இல்லை. மறுநாள் ஐந்தாம் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

டீச்சர் நாலு நாள் கீழே இறங்கவில்லை. யார் முகத்தைப் பார்ப்பது என்ற கூச்சம். என் மனைவிதான் காலையும் மாலையும் காபியை எடுத்துக்கொண்டு போய், வேறு எதையோ பேசிவிட்டு வந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் டீச்சரே எங்கள் வாசலுக்கு வந்தார். ஏதோ கேட்க நினைத்துத் தயங்கினார்.

"சார், தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஜன்னலை நீங்கள் நாலு நிமிஷத்தில் கழற்றிவிட்டீர்களே?"

"ஆமாம்" என்றேன் பெருமையாக.

"அப்படியென்றால் வேறு யாரும் கழற்றலாம் அல்லவா? அதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை."

பழைய அதட்டல் குரலில் பாதி திரும்பி வந்திருந்தது. நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று சாயங்காலமே மாடிக்குப் போய்ச் சட்டத்தைத் திருப்பிப் பொருத்தி, நாலு ஸ்க்ரூவையும் உள்பக்கமாகப் போட்டு முடுக்கினேன். குண்டூசியும் ஜன்னலடியில் கிடைத்தது. டீச்சர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஸ்க்ரூவையும் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கதவைக் காட்டினார்.

"சார், நீங்கள் வெளியே போங்கள். நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். உங்கள் கத்தியால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்" என்றார்.